இரண்டு நாளைக்கு ஒருமுறை மெஷின் உறைகிறது: மெமரி கோளாறா, பூட்டுக் கோளாறா?

நூல்கண்டு | திங்கள், இரவு 10.40

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். புரோகிராம் எழுதத் தெரியும், ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நூல் நூற்கும் ரிங் பிரேம்களில் இருக்கும் சென்சார்களிலிருந்து சுற்று எண்ணிக்கையைப் படிக்க ஒரு பிசிஐ கார்டு வைத்திருக்கிறோம். அதற்கு லினக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் கோடு) எழுதியவர் நான்கு வருடம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். 900 வரி சி கோடு, அதில் காமென்ட் மொத்தம் ஆறு.

பழைய பெட்டி ஒற்றைக் கோர். ஒன்பது வருடம் ஓடியது, ஒருநாளும் உறைந்ததில்லை. போன மாதம் அதன் போர்டு போய்விட்டது. பிசிஐ ஸ்லாட் உள்ள எட்டுக் கோர் பெட்டியாகத் தேடி வாங்கி உபுண்டு 22.04 போட்டேன், கர்னல் 5.15. டைமர் எழுதும் முறை மாறியிருந்ததால் அங்கே மட்டும் திருத்தி டிரைவரை ஏற்றினேன். அன்று முதல் இரண்டு நாளைக்கு ஒருமுறை உறைகிறது. முதலில் மவுஸ் விட்டு விட்டு அசையும், அரை நிமிடத்தில் அதுவும் நிற்கும். அப்புறம் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது ஒன்றுதான் வழி.

ஸ்கிரீனை போனில் படம் பிடித்தேன். முக்கியமான வரி இது:

"வாட்ச்டாக்: பக்: சாஃப்ட் லாக்கப் - சிபியு#3 ஸ்டக் ஃபார் 22எஸ்!"

கீழே ஆர்ஐபி (கோர் நிற்கும் கட்டளையின் முகவரி) என்ற இடத்தில் "நேட்டிவ்_கியூட்_ஸ்பின்_லாக்_ஸ்லோபாத்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே எங்கள் டிரைவரின் ரீட் பங்ஷன். 3-ஆம் கோர் கெட்டுப்போய்விட்டதா?

ரீபூட் ராசா | திங்கள், இரவு 10.58

முதலில் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) மாற்றிப் பாருங்கள். மில்லில் கரண்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்துக்கு எட்டு இந்த இரண்டில் ஒன்றுதான்.

நூல்கண்டு | செவ்வாய், காலை 8.15

ராசா அண்ணா, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது. ஒரு எரர்கூட இல்லை.

பழைய பைட் | செவ்வாய், காலை 9.30

தம்பி, ஒரு கேள்வி. ஒரே ஒரு படம்தான் எடுத்தீர்களா, இன்னும் இருக்கிறதா? எல்லாப் படத்திலும் அதே பங்ஷன்தானா?

நூல்கண்டு | செவ்வாய், காலை 9.41

மூன்று படம் இருக்கிறது சார். கோர் நம்பர் மட்டும் மாறுகிறது, 3, 6, 3. பங்ஷன் பெயர் மூன்றிலும் ஒன்றே.

பழைய பைட் | செவ்வாய், காலை 10.20

அப்படியானால் மெமரியை விட்டுவிடுங்கள். மெமரி கெட்டால் இன்றைக்கு ஃபைல் சிஸ்டத்தில் விழும், நாளைக்கு நெட்வொர்க்கில் விழும், ஒரு நாள் பிரவுசர் மட்டும் சாகும். மூன்று தடவையும் ஒரே இடத்தில் கச்சிதமாக வந்து விழாது. உங்களுடையது பூட்டுப் பிரச்சினை. ஒரே தகவலை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவதற்காகக் கோடுக்குள் போடும் பூட்டு.

அந்த நீளமான பெயர், ஸ்பின்லாக் என்ற வகைப் பூட்டு கிடைக்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் இடம். லினக்ஸில் ஸ்பின்லாக் கேட்டு எவன் மாட்டினாலும் ஆர்ஐபி அங்கேதான் நிற்கும். ஆக 3-ஆம் கோர் குற்றவாளி இல்லை. வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே கிடப்பவன் வேறு ஒருவன், அவன் உங்கள் படத்தில் இல்லை.

ஸ்கிரீனைப் படம் எடுப்பதில் இதுதான் வம்பு. கடைசி 50 வரி மட்டும் கிடைக்கும், நமக்கு வேண்டியது முதல் 50. சீரியல் போர்ட் இருந்தால் அதில் கன்சோலைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் நெட்கன்சோல்: கர்னல் செய்திகளை யுடிபி வழியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், அங்கே 6666 போர்ட்டில் நெட்கேட் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இன்னொன்று. பிராக் அடைவில் சிஸ், கர்னல், அதற்குள் என்எம்ஐ_வாட்ச்டாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் 0 இருக்கிறதா 1 இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

வெட்டிக் கர்னல் | செவ்வாய், காலை 11.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தத் தளத்தில் பாதிப் பேர் "லாக்" என்று எழுதுகிறீர்கள், எந்த லாக் என்றே புரிவதில்லை. லாக்கைப் பார் என்றால் பூட்டைப் பார்ப்பதா, பதிவைப் பார்ப்பதா? போன வாரம் இன்னொரு இழையில் இதனாலேயே இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

அப்புறம், ஸ்பின்லாக்கும் மியூட்டெக்ஸும் இரண்டும் பூட்டுதானே, எதற்கு இரண்டு?

தாமரைக்குளம் | செவ்வாய், மதியம் 1.30

ஹாஹா. சரி, இந்த இழையில் பூட்டு என்றால் பூட்டு, பதிவு என்றால் பதிவு.

மியூட்டெக்ஸ் கிடைக்காவிட்டால் அதைக் கேட்ட த்ரெட் (ஓடிக்கொண்டிருக்கும் வேலை) போய்த் தூங்கிவிடும், கோர் வேறு வேலை பார்க்கும், பூட்டு விடுபட்டதும் எழுப்பிவிடுவார்கள். ஸ்பின்லாக் கிடைக்காவிட்டால் தூக்கம் கிடையாது. கிடைத்ததா, கிடைத்ததா என்று அந்தக் கோர் அங்கேயே சுற்றும். சில மைக்ரோ வினாடி வேலைக்குப் போய்ப் படுத்து எழுந்து வருவது நஷ்டம் என்பதால் இந்த ஏற்பாடு. இன்டர்ரப்ட் என்பது கார்டு போன்ற ஹார்ட்வேர் "என்னைக் கவனி" என்று கோரை இடைமறிப்பது, அப்போது ஓடும் பங்ஷன்தான் ஹேண்ட்லர். இன்டர்ரப்ட் ஹேண்ட்லருக்குள் தூங்கவே முடியாது, அதனால் அங்கே ஸ்பின்லாக் தவிர வழியில்லை.

கோளாறின் முகமும் இதனால்தான் வேறுபடுகிறது. மியூட்டெக்ஸில் சிக்கினால் மெஷின் ஓடும், புராசஸ் மட்டும் டி நிலையில் (எழுப்ப முடியாத தூக்கத்தில்) கிடக்கும், 120 வினாடி கழித்து "டாஸ்க் பிளாக்ட்" என்று ஹங் டாஸ்க் செய்தி வரும். ஸ்பின்லாக்கில் சிக்கினால் கோரே போய்விடும். 20 வினாடிக்கு மேல், வேலைகளை மாற்றி மாற்றி ஓடவிடும் ஷெட்யூலருக்கு வழிவிடாத கோரைத்தான் சாஃப்ட் லாக்கப் என்கிறது. அந்த 20 எங்கிருந்து வருகிறது என்றால், கோர்களைக் கண்காணிக்கும் வாட்ச்டாக்குக்கு வாட்ச்டாக்_திரெஷ் என்ற எண் 10, அதன் இரண்டு மடங்கு.

ஆனால் வாட்ச்டாக்கின் அந்தச் செய்தி வருவதற்கே அந்தக் கோருக்கு டைமர் இன்டர்ரப்ட் வந்தாக வேண்டும். இன்டர்ரப்டை மூடிக்கொண்டு சுற்றும் கோர் தன்னைப் பற்றித் தானே எதுவும் சொல்லாது. அதற்குத்தான் என்எம்ஐ வாட்ச்டாக்: மூட முடியாத இன்டர்ரப்டை வைத்து 10 வினாடியில் ஹார்ட் லாக்கப் என்று பிடிக்கும். பழைய பைட் சார் 0-வா 1-ஆ என்று கேட்டது அதற்காக இருக்கும்.

நூல்கண்டு | செவ்வாய், மாலை 6.10

0 என்று இருக்கிறது. பூட் வரியிலேயே என்எம்ஐ_வாட்ச்டாக்=0 என்று போட்டு வைத்திருக்கிறேன். வேகம் கூடும் என்று எங்கோ படித்தது ஞாபகம்.

பழைய பைட் | செவ்வாய், மாலை 6.25

நினைத்தேன். வீட்டுக்கு நாய் வளர்த்துவிட்டு வாயைக் கட்டி வைத்த கதை. அதை எடுத்துவிடுங்கள். எட்டுக் கோரில் வாய் திறக்காத கோர் எது என்பதுதான் நமக்கு வேண்டும்.

தாமரைக்குளம் | செவ்வாய், இரவு 9.00

கூடவே கேடம்ப்பையும் போட்டுவிடுங்கள், ஒரேயடியாக வேலை முடியும். பூட் வரியில் கிராஷ்கர்னல்=256எம். ஹார்ட்லாக்கப்_பேனிக், சாஃப்ட்லாக்கப்_பேனிக் இரண்டையும் 1 ஆக்குங்கள். இனி உறைந்தால் சும்மா நிற்காமல், இனி முடியாது என்று கர்னல் கைவிட்டுப் பேனிக் ஆகும், ஒதுக்கி வைத்த 256 எம்பியில் இரண்டாவது கர்னல் எழுந்து மெமரி முழுவதையும் விஎம்கோர் ஃபைலாக எழுதிவிட்டு ரீபூட் செய்யும். உங்களுக்கும் பவர் பட்டன் வேலை மிச்சம்.

டிபக் சிம்பல் (பங்ஷன் பெயர், வரி எண்) உள்ள விஎம்லினக்ஸ் ஃபைல் வேண்டும், அதே பில்டினுடையது. ஒரு பேட்ச் எண் மாறினாலும், விஎம்கோரைப் படிக்கும் கிராஷ் கருவி திறக்காது. இதை நான் இரண்டு மணி நேரம் தொலைத்துக் கற்றுக்கொண்டேன்.

ஓரம்போ | புதன், காலை 7.50

நான் விண்டோஸ் டிரைவர் எழுதுகிறவன், வேடிக்கை பார்க்க வந்தேன். எங்கள் பக்கம் இதே சங்கதிக்கு டிபிசி_வாட்ச்டாக்_வயலேஷன், 0எக்ஸ்133 என்று நீலத்திரை வரும். டிரைவர் வெரிஃபையரில் டெட்லாக் டிடெக்‌ஷனைத் தட்டிவிட்டால் பூட்டு எடுக்கும் வரிசையை அது கவனித்துச் சொல்லும். லினக்ஸில் அப்படி ஏதும் கிடையாதா?

பழைய பைட் | புதன், காலை 8.30

இருக்கிறது, லாக்டெப். 2006-இல் 2.6.18 கர்னலில் வந்தது, இங்கோ மோல்னாரும் அர்ஜன் வான் டி வென்னும் எழுதியது. ஃப்ரீபிஎஸ்டியில் விட்னஸ் என்று ஒன்று உண்டு, அதே ஜாதி. ஆனால் மில்லில் ஓடும் பெட்டியில் அதைப் போட முடியாது, மெதுவாகிவிடும். முதலில் டம்ப் (அந்த விஎம்கோர் ஃபைல்) வரட்டும்.

நூல்கண்டு | வியாழன், மதியம் 3.20

வந்துவிட்டது! மதியம் 2.47-க்கு உறைந்தது, தானே ரீபூட் ஆனது. பதிவில் முதல் வரி "வாட்ச்டாக் டிடெக்டட் ஹார்ட் லாக்கப் ஆன் சிபியு 1". இதுவரை எந்தப் படத்திலும் வராத 1-ஆம் கோர்!

கிராஷ் கருவியில் பிடி -ஏ என்று கொடுத்தேன். 3, 6 இரண்டும் ரீட் பங்ஷனில் பூட்டுக்குக் காத்திருக்கின்றன. 1-ஆம் கோரின் ஸ்டாக்தான் (எந்த பங்ஷனை எது கூப்பிட்டது என்ற அடுக்கு) விசித்திரம். மேலிருந்து கீழாக: ஸ்பின்லாக்கில் சுற்றுகிறது, அதன் கீழே எங்கள் இன்டர்ரப்ட் ஹேண்ட்லர், அதன் கீழே கர்னலின் ஐஆர்க்யூ (இன்டர்ரப்ட்) சமாச்சாரம், நடுவில் ரிஜிஸ்டர் மதிப்புகள் ஒரு கொத்து, அதற்கும் கீழே மறுபடி எங்கள் ரீட் பங்ஷன். ஒரே கோரில் எங்கள் டிரைவர் இரண்டு தடவை இருக்கிறது.

தாமரைக்குளம் | வியாழன், மாலை 4.05

பிடித்துவிட்டீர்கள். அந்த ரிஜிஸ்டர் கொத்துதான் கோடு. அதற்குக் கீழே இருப்பது இன்டர்ரப்ட் வரும்முன் ஓடிக்கொண்டிருந்தது, மேலே இருப்பது இன்டர்ரப்ட் வந்தபின் ஓடுவது. கீழே இருக்கும் ரீட் பங்ஷனில் ஸ்டாக் காட்டும் வரியைப் பாருங்கள். பூட்டு எடுத்த வரிக்கும் விட்ட வரிக்கும் நடுவில் இருக்கிறதா?

நூல்கண்டு | வியாழன், மாலை 4.30

ஆமாம் அக்கா. 412-இல் எடுக்கிறது, 431-இல் விடுகிறது, நின்றது 420-இல்.

பழைய பைட் | வியாழன், மாலை 5.15

நடந்தது இதுதான். 1-ஆம் கோரில் ரீட் பங்ஷன் வெறும் ஸ்பின்_லாக் போட்டுப் பூட்டை எடுத்தது. எண்ணிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கார்டு இன்டர்ரப்ட் அடித்தது, அது அதே 1-ஆம் கோருக்கு வந்தது. கர்னல் ரீடை அப்படியே அமுக்கிவிட்டு ஹேண்ட்லரை ஓட்டியது. ஹேண்ட்லரும் அதே பூட்டைக் கேட்டது. வைத்திருப்பவன் அடியில் கிடக்கிறான். மேலே இருப்பவன் அவன் விடட்டும் என்று சுற்றுகிறான். மேலே இருப்பவன் இறங்கினால்தானே கீழே இருப்பவன் எழுவான்? அதுவரை வந்த மற்ற கோர்கள் வாசலில் வரிசை கட்டின. உங்கள் மவுஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது அதனால்தான்.

ஏன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை மட்டும்? பூட்டு பிடித்திருக்கும் நேரம் சில மைக்ரோ வினாடி. அதற்குள் இன்டர்ரப்ட் வர வேண்டும், அதுவும் அதே கோருக்கு வர வேண்டும். வேறு கோருக்குப் போனால் கொஞ்சம் காத்திருந்துவிட்டு ஒழுங்காக வேலை முடித்துப் போய்விடும்.

மருந்து: இன்டர்ரப்ட் ஹேண்ட்லர் எடுக்கும் பூட்டை வெளியே எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் (பூட்டோடு அந்தக் கோரின் இன்டர்ரப்டையும் மூடும்), விடும்போது ஐஆர்க்யூரீஸ்டோர். டைமர் பங்ஷனும் அதே பூட்டை எடுக்கிறதா என்று பாருங்கள், எடுத்தால் அங்கும். ஹேண்ட்லருக்குள் வெறும் ஸ்பின்_லாக் போதும், அது ஓடும்போது அந்தக் கோரில் இன்டர்ரப்ட் ஏற்கெனவே மூடித்தான் இருக்கும்.

வெட்டிக் கர்னல் | வியாழன், மாலை 5.40

சேவ் எதற்கு? ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ என்று சின்னதாக ஒன்று இருக்கிறதே?

பழைய பைட் | வியாழன், மாலை 5.52

அது விடும்போது இன்டர்ரப்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடும். உங்களைக் கூப்பிட்டவர் ஏற்கெனவே மூடி வைத்திருந்தால் அவருக்குத் தெரியாமல் திறந்ததாகிவிடும். அதைத் தேடுவது இதைவிடக் கொடுமை. வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்துவிட்டுப் போவதற்குத்தான் சேவ்.

ரீபூட் ராசா | வியாழன், இரவு 8.10

சரி, ஒப்புக்கொள்கிறேன், மெமரி இல்லை. ஆனால் பழைய பெட்டியில் ஒன்பது வருடம் இதே கோடு ஓடியதே, அது எப்படி?

பழைய பைட் | வியாழன், இரவு 8.45

இதைத்தான் நானும் கேட்க இருந்தேன். ஒற்றைக் கோர் பெட்டி, அந்த மனிதரே கர்னலை பில்ட் செய்து போட்டிருப்பார். எஸ்எம்பி (பல கோர் ஆதரவு) இல்லாமல் பில்ட் செய்த கர்னலில் ஸ்பின்லாக் என்ற பூட்டே கிடையாது. ஸ்பின்_லாக் என்ற வரி பிரீஎம்ப்ஷனை (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவதை) நிறுத்துவதோடு சரி, அதுவும் பிரீஎம்ப்ட் போட்டிருந்தால்தான். இல்லாத பூட்டில் எப்படிச் சிக்க முடியும்? பிழை அன்றைக்கும் இருந்தது தம்பி. வேறு வடிவத்தில் இருந்திருக்கும். ரீட் பாதியில் இருக்கும்போது இன்டர்ரப்ட் வந்து எண்ணிக்கையை மாற்றிவிட்டுப் போயிருக்கும். பாதி பழைய எண், பாதி புதிய எண். அப்படி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

நூல்கண்டு | வியாழன், இரவு 9.20

சார், கை நடுங்குகிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஏதாவது ஒரு ஃபிரேமில் திடீரென்று 65,000-த்துச் சொச்சம் சுற்று கூடுதலாகக் காட்டும். அடுத்த ரீடிங்கில் சரியாகிவிடும். சென்சாரில் பஞ்சுத் தூசி என்று சொல்லி சூப்பர்வைசர் பையனைத் திட்டித் துடைக்கச் சொல்வோம். எண்ணிக்கையை 16 பிட், 16 பிட்டாக இரண்டு ரிஜிஸ்டரில் வைத்திருக்கிறது கார்டு.

தாமரைக்குளம் | வியாழன், இரவு 9.31

65,536. கீழ்ப்பாதியைப் படித்தபின் மேல்ப்பாதி ஒன்று கூடியிருக்கிறது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

வெட்டிக் கர்னல் | வியாழன், இரவு 10.15

ஊடே என் சொந்தக் கதை. பயிற்சிக்கு ஒரு குட்டி மாட்யூல் (கர்னலில் ஏற்றும் கோடு) எழுதினேன். "ஸ்பின்லாக் பேட் மேஜிக்" என்று வருகிறது. இதுவும் இதே வகையா?

பழைய பைட் | வியாழன், இரவு 10.22

இல்லை. ஸ்பின்_லாக்_இனிட் போட மறந்திருப்பீர்கள், அல்லது பூட்டு இருக்கும் மெமரியை விடுவித்தபின் பூட்டுகிறீர்கள். ஸ்பின்லாக் டிபக் போட்டால் ஒவ்வொரு பூட்டிலும் அடையாள எண் ஒன்று இருக்கும், அது இல்லாததால் கத்துகிறது. தனி இழை போடுங்கள்.

நூல்கண்டு | சனி, மாலை 7.00

ஐஆர்க்யூசேவ் போட்டுவிட்டேன், நான்கு இடம். ஆனால் திங்கட்கிழமை வரை காத்திருந்து பார்ப்பதற்குப் பதிலாக, உதிரி கார்டு ஒன்று இருந்ததால் டேபிளில் இன்னொரு பெட்டி வைத்து டிபக் கர்னல் பில்ட் செய்தேன். புரூவ்_லாக்கிங் (லாக்டெப்), டிபக்_அட்டாமிக்_ஸ்லீப் இரண்டும் போட்டு. ரீட் கூப்பிட்ட மறுநொடியே புதிதாக ஒன்று:

"பக்: ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்"

அதன் கீழே இன்_அட்டாமிக் 1 (தூங்கக்கூடாத நிலை), ஐஆர்க்யூஸ்_டிசேபிள்ட் 1 என்று இருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்புகிறது. நான் போட்ட திருத்தத்தால் வந்ததா?

தாமரைக்குளம் | சனி, இரவு 8.20

இல்லை, முன்பிருந்தே இருப்பது. 420-ஆம் வரியில் என்ன இருக்கிறது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். தகவலை யூசர் புரோகிராமுக்கு நகலெடுக்கும் காப்பி_டு_யூசர் தானே?

நூல்கண்டு | சனி, இரவு 8.26

கார்டைப் படிப்பது 420. காப்பி_டு_யூசர் 427. பூட்டுக்குள்தான் இருக்கிறது.

தாமரைக்குளம் | சனி, இரவு 9.10

காப்பி_டு_யூசர் தூங்கலாம். யூசர் புரோகிராமின் அந்தப் பக்கம் (பேஜ்) மெமரியில் இல்லாவிட்டால் டிஸ்கிலிருந்து கொண்டுவர வேண்டும், அதற்குள் தூக்கம். உங்கள் புரோகிராம் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் பக்கம் எப்போதும் மெமரியிலேயே இருந்திருக்கிறது, அதனால் பிழைத்தீர்கள். மெமரி நெருக்கடியான ஒருநாள் ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டே தூங்கப் போயிருக்கும். அப்போது "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று வேறு பெயரில் வந்து நின்றிருக்கும். டிபக்_அட்டாமிக்_ஸ்லீப்பின் அருமை இதுதான். அது தூங்கியபின் கத்துவதில்லை, தூங்கக்கூடிய பங்ஷனைக் கூப்பிட்ட உடனேயே கத்துகிறது. இரண்டு வருடம் கழித்து வரவேண்டியது டேபிளிலேயே வந்துவிட்டது.

வெட்டிக் கர்னல் | சனி, இரவு 9.40

பூட்டுக்குள் மெமரி ஒதுக்கும் கேமேலாக் இருந்தால், தூங்கக்கூடிய ஜிஎஃப்பி_கர்னலைத் தூங்காத ஜிஎஃப்பி_அட்டாமிக் ஆக்குவது போல இதற்கும் ஏதாவது அட்டாமிக் வகை இருக்குமே?

பழைய பைட் | ஞாயிறு, காலை 7.15

அந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்காது. பூட்டுக்குள் கத்தல் வந்தால் அட்டாமிக் என்று பெயர் மாற்றி வாயை அடைப்பது. அது தேவைப்படும் இடம் உண்டு, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வேலை பூட்டுக்குள் எதற்கு?

நூல்கண்டு, ஒரு ரீடிங் எத்தனை பைட்? 256 எண், எண்ணுக்கு 4 பைட் என்றால் 1,024. டிவைஸைத் திறக்கும்போதே அந்த அளவுக்கு ஒரு பஃபர் ஒதுக்கிவிடுங்கள். பூட்டு, கார்டிலிருந்து பஃபருக்கு, திற. அப்புறம் நிதானமாக காப்பி_டு_யூசர். ஸ்டாக்கில் வைக்காதீர்கள், கர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபி, அதில் மேலே கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே ஃபைலை இரண்டு த்ரெட் சேர்ந்து படிக்கும் என்றால் அந்த பஃபருக்கு வெளியே ஒரு மியூட்டெக்ஸ் போடுங்கள். மியூட்டெக்ஸ் வெளியே, ஸ்பின்லாக் உள்ளே. திருப்பிப் போட்டால் மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.

ஓரம்போ | ஞாயிறு, காலை 9.00

பூட்டுக் கதை என்றால் செவ்வாய்க் கிரகத்தை விட முடியாது. 1997-இல் மார்ஸ் பாத்ஃபைண்டர் அங்கே இறங்கியபின் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. பூமியிலிருந்தே கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்.

பழைய பைட் | ஞாயிறு, காலை 9.25

அது பிரயாரிட்டி இன்வெர்ஷன், வேறு குடும்பம். தாழ்ந்த பிரயாரிட்டி வேலை மியூட்டெக்ஸைப் பிடித்திருக்க, நடுத்தர வேலை அதை ஓடவிடாமல் செய்ய, உயர்ந்த வேலை காத்துக் கிடந்து வாட்ச்டாக் ரீசெட் செய்தது. அந்த மியூட்டெக்ஸுக்குப் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை (காத்திருப்பவரின் பிரயாரிட்டியைப் பிடித்திருப்பவருக்குத் தருவது) இயக்கியதும் தீர்ந்தது. ஒன்று மட்டும் நமக்குப் பொது. அவர்களும் பூமியில் அதே மாதிரி ஒன்றை டேபிளில் வைத்து, டிரேஸ் போட்டு வரவழைத்துத்தான் பிடித்தார்கள்.

நூல்கண்டு | ஞாயிறு, இரவு 8.00

பஃபர் மாற்றம் செய்தாயிற்று. ஸ்லீப்பிங் செய்தி போய்விட்டது. லாக்டெப்பும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க ஓட்டினேன், சுத்தம்! மில்லில் ஏற்றிவிடலாமா?

பழைய பைட் | ஞாயிறு, இரவு 8.12

லாக்டெப் சும்மா இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். டிமெஸேஜில் (கர்னல் பதிவில்) "டிசேபிளிங் லாக் டிபக்கிங் டியூ டு கர்னல் டெயின்ட்" என்று ஒரு வரி தேடுங்கள்.

நூல்கண்டு | ஞாயிறு, இரவு 8.20

இருக்கிறது. எங்கள் மாட்யூல் ஏறும் இடத்திலேயே.

பழைய பைட் | ஞாயிறு, இரவு 8.40

மாட்யூல் லைசென்ஸ் வரியில் பிராப்ரைட்டரி (மூடிய உரிமம்) என்று எழுதி வைத்திருக்கிறார் அந்த மனிதர். அப்படிப்பட்ட மாட்யூல் ஏறினால் கர்னல் லாக்டெப்பையே அணைத்துவிடும். நாள் முழுக்க நீங்கள் பார்த்தது அணைந்த விளக்கு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: லாக்டெப் ஒரே ஒரு குறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதைத் திருத்தி, ரீபூட் செய்தால்தான் அடுத்ததைச் சொல்லும்.

கோடு உங்கள் மில்லுடையது என்றால் ஜிபிஎல் (திறந்த மூல உரிமம்) என்று மாற்றலாம். ஆனால் அது சட்டப்படி ஓர் அறிவிப்பு, முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நூல்கண்டு | திங்கள், மாலை 6.30

முதலாளியிடம் கேட்டேன். "அதனால் மெஷின் நிற்காது என்றால் எதை வேண்டுமானாலும் போடு" என்றார். எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

லாக்டெப் இப்போது பேசுகிறது. புரோகிராமை மூடியதும் "பாசிபிள் சர்க்குலர் லாக்கிங் டிபென்டென்சி டிடெக்டட்" என்று ஒரு பக்க நீளச் செய்தி வந்தது. ஒரு பக்கம் எங்கள் பூட்டு, இன்னொரு பக்கம் எங்கள் டைமர். டைமர் எப்படிப் பூட்டாகும்?

தாமரைக்குளம் | திங்கள், இரவு 9.15

க்ளோஸ் பங்ஷனில் பூட்டைப் பிடித்துக்கொண்டு டெல்_டைமர்_சிங்க் கூப்பிடுகிறீர்கள், சரிதானே? அது டைமர் பங்ஷன் ஓடி முடியும்வரை காத்திருக்கும். டைமர் பங்ஷனோ அதே பூட்டுக்குக் காத்திருக்கும். டைமர் பூட்டு இல்லைதான், ஆனால் "முடியும்வரை காத்திரு" என்பதே பூட்டு மாதிரி வேலை செய்வதால் லாக்டெப் அதையும் ஒரு பூட்டாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. இரண்டு பேரும் நிஜமாக மோதவே தேவையில்லை. இந்த வரிசையில் ஒரு தடவை, அந்த வரிசையில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், வட்டம் உண்டு என்று சொல்லிவிடும். டைமர் நிறுத்தும் வரியைப் பூட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள். டைமர் தன்னைத்தானே மறுபடி போட்டுக்கொள்ளாமல் இருக்க, முதலில் பூட்டுக்குள் "மூடுகிறேன்" என்று ஒரு கொடி வையுங்கள்.

பதிவில் தெரிபவனே குற்றவாளி இல்லை என்பதற்கு என் கதையும் ஒன்று. என் அலுவலகத்தில் ஒருதடவை ஹங் டாஸ்க் செய்தி நாற்பது வந்தது. முதலில் வந்தவனைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம், ஏனென்றால் அவன் பெயர் முதலில் இருந்தது. ஸ்பின்லாக்கில் சாதாரண பில்டில் யார் பிடித்திருக்கிறார் என்ற குறிப்பே இருக்காது. மியூட்டெக்ஸில் ஓனர் என்று ஒரு புலம் உண்டு. டம்ப்பில் அதை எடுத்தால் முகவரி கடைசியில் 1 என்று முடிந்திருந்தது, கிராஷ் கருவி அப்படி ஒரு டாஸ்கே இல்லை என்றது. அரை நாள் போனபின்தான் உறைத்தது: ஓனரின் கடைசி மூன்று பிட் கொடிகள், காத்திருப்பவர் உண்டு என்பதற்கு அந்த 1. அதை 0 ஆக்கிப் பார்த்தால் நாற்பது பேர் பட்டியலிலேயே இல்லாத ஒரு த்ரெட். பிழை வரும் வழியில் பூட்டைத் திறக்காமலே ரிட்டர்ன் ஆகி, யூசர் பக்கம் போய் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

நூல்கண்டு | திங்கள், இரவு 9.50

அக்கா, ஷிப்ட் முடிந்து புரோகிராமை மூடும்போது சில சமயம் பெட்டி நின்றுவிடும். ஆபரேட்டர் ஒயரைப் பிடுங்குகிறார் என்று நோட்டீஸ் ஒட்டி வைத்திருக்கிறோம். நாளைக்குக் கிழித்துவிடுகிறேன்.

நூல்கண்டு | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 11.00

21 நாள் ஆகிறது, நிற்கவில்லை. 65,536-உம் வரவில்லை. மேல்ப்பாதியை இரண்டு தடவை படித்து ஒப்பிடும் வரியையும் சேர்த்துவிட்டேன், ஏனென்றால் எண்ணுவது கார்டு, அதை எங்கள் பூட்டு தடுக்காது என்று யோசித்தபோது புரிந்தது. என்எம்ஐ வாட்ச்டாக் 1-லேயே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

பழைய பைட் | சனி, காலை 11.20

அந்தக் கடைசித் திருத்தம் நான் சொல்லாதது. எனக்கே தோன்றவில்லை.

ரீபூட் ராசா | சனி, மதியம் 12.05

ஆக எஸ்எம்பிஎஸ் மாற்றவே இல்லையா?

நூல்கண்டு | சனி, மதியம் 12.11

நீங்கள் சொன்ன அன்றைக்கே வாங்கிவிட்டேன் அண்ணா. பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.